செக்கில் மீத்லோ, ரஷ்யனில் மிலோ: நடுவில் இருந்த 'த்' எங்கே?

அடுத்த கேள்வி. ரஷ்யனும் செக் மொழியும் சேர்த்துப் படிக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "சோப்புக்குச் செக்கில் மீத்லோ, ரஷ்யனில் மிலோ. செக்காரர்கள் 'த்'தை நுழைத்தார்களா, ரஷ்யர்கள் விட்டுவிட்டார்களா?"

ரஷ்யர்கள்தான் விட்டார்கள். ('பந்து' என்பதில் வருகிற 'த்' மாதிரி உச்சரியுங்கள்.)

இரண்டுக்கும் தாய், ஆதி ஸ்லாவிய மொழி. அதில் எழுதிய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்ததால்தான் அதன் சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். அந்த மொழியில் 'த்லோ' என்று ஒரு விகுதி. வினையோடு சேர்த்தால் அந்த வேலைக்கான பொருளின் பெயர் கிடைத்துவிடும், நாம் துருவு என்பதைத் துருவி ஆக்குகிற மாதிரி. 'மி' என்றால் கழுவு, மித்லோ சோப்பு. 'ஷி' என்றால் தை, ஷித்லோ குத்தூசி. இது செக்கில் ஷீத்லோ, ரஷ்யனில் ஷிலோ. செக்கில் இந்த விகுதிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது: பறப்பதற்கான வினையோடு இதைச் சேர்த்துத்தான் விமானத்துக்கு லெத்தத்லோ என்று பெயர் வைத்தார்கள்.

சரி, 'த்' முதலிலேயே இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? ரஷ்யனுக்குள்ளேயே இருக்கிறது. 'கூட்டிப் போகிறேன்' என்பது வெதூ. 'கூட்டிப் போனாள்' வெலா. செக்கில் வெது, வெத்லா. வேரிலேயே இருந்த 'த்', பக்கத்தில் 'ல்' வந்ததும் ரஷ்யனில் விழுந்துவிட்டது பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த சாட்சி பிஸ்கோவ், வடமேற்கு ரஷ்ய நகரம். அங்கே எழுதிய பழைய சுவடிகளில், 'கூட்டி வந்தார்கள்' என்பதற்கு மற்ற ரஷ்யர்கள் சொல்கிற பிரிவெலிக்குப் பதில் பிரிவெக்லி என்று வரும். 'த்' இருந்த இடத்தில் 'க்'! ஒன்றுமே இல்லாத இடத்தில் 'க்' முளைக்காது.

பழைய ஏட்டில் இருப்பதுதான் மூல வடிவம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்லாவிய எழுத்திலேயே மிகப் பழையது திருச்சபை ஸ்லாவியம். அதில் தூபப் பொருளுக்குக் கதிலோ என்றிருக்கும், செக்கில் கதித்லோ. திருச்சபை ஸ்லாவியம் தெற்குக் கிளை. அங்கே எழுத்து வருவதற்கு முன்பே 'த்' போய்விட்டது.

"ரஷ்யனில் குதிரைச் சேணத்துக்கு செத்லோ என்று 'த்'தோடுதானே சொல்கிறார்கள்?" என்று அவரே அடுத்து கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஆனால் அது இந்த விகுதியே இல்லை. ஆதி வடிவத்தில் அங்கே 'த்'துக்கும் 'ல்'லுக்கும் நடுவில் மிகக் குறுகிய ஓர் உகரம் இருந்தது: செதுலோ. அதுதான் 'த்'தைக் காப்பாற்றியது. அப்புறம் அந்த உகரம் மறைந்தபோது, 'ல்'லுக்கு முன்னால் 'த்'தை விடுகிற வழக்கம் ரஷ்யனில் ஏற்கெனவே ஓய்ந்திருந்தது. செக்கை மட்டும் பார்த்தால் செத்லோவும் மீத்லோவும் ஒரே வகை போலத் தெரியும். ரஷ்யனையும் பக்கத்தில் வைத்தால்தான் எது விகுதி, எது இல்லை என்று பிரிக்க முடியும்.