73 நாட்கள் கழித்து வந்த 54,000 ரூபாய்

வணக்கம். இன்று மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்தே கால். பின்னணியில் விசில் அடிப்பது வழக்கம்போல எதிர்வீட்டுக் குக்கர்தான்; அதற்காகப் பேச்சை நிறுத்துவதில்லை என்று பொங்கலுக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். பதினொரு மணிக்குள் முடித்தாக வேண்டும். ஏன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்கு இடையில் சொல்கிறேன்.

பணம் வந்துவிட்டது. கடந்த மூன்று வீடியோக்களிலும் நான் புலம்பித் தீர்த்த அந்த மசாலா கம்பெனிப் பணம், அதாவது அவர்களுடைய பொட்டலங்களுக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுத்ததற்கான கூலி, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் கணக்கில் வந்து விழுந்தது. அது மாதத்தின் நான்காவது சனிக்கிழமை என்பதால் வங்கிக்கு விடுமுறை. ஆனால் 2019 டிசம்பரிலிருந்து, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை வாரத்தின் ஏழு நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவதால், விடுமுறை நாளிலும் பணம் வரும் என்பதை அன்றுதான் அனுபவத்தில் கண்டேன். குறுஞ்செய்தி வந்தபோது மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த துணியைத் திரும்பவும் கொடியிலேயே போட்டுவிட்டு, வங்கிச் செயலியைத் திறந்து மூன்று முறை பார்த்தேன். வந்திருந்தது 54,000 ரூபாய். என் பில் 60,000. மீதி 6,000 எங்கே என்று அரை நிமிடம் நெஞ்சு படபடத்தது. பிறகுதான் அது பத்து சதவீத டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டும் வருமான வரி என்று உறைத்தது. அந்தத் தொகை என் பான் எண்ணில் வரவாகப் பதிவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். அந்த அரை நிமிடம் நான் பதறியது போதும்.

பன்னிரண்டு லேபிள்கள், லேபிளுக்கு 5,000 ரூபாய். சாம்பார்ப்பொடியில் தொடங்கி இட்லிப்பொடி வரைக்கும். மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தின் சிவப்பை மட்டும் ஆறு தடவை மாற்றச் சொன்னார்கள், ஆறாவது தடவை அனுப்பியது முதல் தடவை அனுப்பிய அதே சிவப்பு, அதைத்தான் "இதுதான் மேடம் நாங்கள் கேட்டது" என்று ஏற்றுக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. வேலை எவ்வளவு கடினமாக இருந்தாலும் ராத்திரி தூக்கம் கெடுவதில்லை, தூக்கத்தைக் கெடுப்பது காத்திருப்புதான். போன அக்டோபரில் சென்னை வேலையை விட்டுத் திருச்சிக்கு வந்தபோது, தனியாகத் தொழில் செய்தால் வேலைப்பளு கூடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டி வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "மாசம் பொறந்தா சம்பளம் வந்துக்கிட்டிருந்துச்சு, அத விட்டுட்டு வந்துட்டியே பாப்பா" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. பிப்ரவரியில் அது அசரீரி மாதிரி காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

போகியன்று, ஜனவரி 14 அன்று பில் அனுப்பினேன். முப்பது நாளில் பணம் என்பது விலைப்புள்ளியிலேயே எழுதியிருந்த நிபந்தனை. முதல் மூன்று வாரம் பில் அவர்களுடைய அக்கவுண்டன்ட் மேசையிலேயே தூங்கியது. காரணம், அதில் ஜிஎஸ்டி எண் இல்லையாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதை ஒரே வரியில் பதிலாக எழுதியதும் விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்கவே மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நானோ அந்த மூன்று வாரமும், என் லேபிள் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தலையணைக்கடியில் இருக்கும் போனை எடுத்து, அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விழாவிட்டால் ஒரு பயம், விழுந்திருந்தால் அதைவிடப் பெரிய பயம். அந்த நீல டிக்கைக் கண்டுபிடித்தவர் மீது எனக்கு இருக்கும் கோபம் இப்போதைக்கு ஆறாது.

பிப்ரவரி நடுவில் காலையில் எழுந்தால் தாடை வலித்தது. பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார். மன அழுத்தம் இருப்பவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதுதானாம். இரவில் போட்டுக்கொள்ளும் பல்லுறையின் விலை 3,800 ரூபாய், அதாவது லேபிள் ஒன்றின் கூலியில் முக்கால் பங்கு. வராத பணத்தை நினைத்துப் பல்லைக் கடித்து, அந்தப் பல்லைக் காப்பாற்றக் கையிலிருந்த பணத்தைக் கொடுத்தேன். அந்த ரசீதை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், திரும்பிப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

அந்த வாரத்தில்தான் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசினேன். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எதிர்முனையில் இருந்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, "உங்கள் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்கே நடுத்தெருவுக்கு வந்துவிடுவோம் என்று தினமும் பயப்படுகிற நான், கணக்குப் போட்டே பார்த்ததில்லை.

அன்று இரவே போட்டேன். வங்கியில் 68,000 ரூபாய் இருந்தது. வாடகை 9,500, சாப்பாடு, இணையம், மின்சாரம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 22,000. மூன்று மாதத்துக்குத் தாங்கும். மூன்று மாதம் என்பது பெரிய தொகையல்ல, ஆனால் அது ஒரு எண். அதற்கு முன்பு என்னிடம் இருந்தது எல்லையே இல்லாத இருட்டு. இப்போது இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன்: வரும் பணம் எல்லாம் ஒன்றில் விழும், ஒன்றாம் தேதி அதிலிருந்து 22,000 மட்டும் இன்னொன்றுக்குச் சம்பளமாகப் போகும், ஜிபே இந்த இரண்டாவது கணக்கோடு மட்டும்தான் இணைந்திருக்கிறது. சனிக்கிழமை 54,000 வந்தபோதும் என் செலவுக் கணக்கில் ஒரு ரூபாய் கூடவில்லை. நாளை ஒன்றாம் தேதி, எனக்கு நானே சம்பளம் போடும் நாள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார், ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம், "அவளுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது.

இரண்டாவது மாற்றம்தான் பதினொரு மணி ரகசியம். பணம் கேட்டு நினைவூட்டுவது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மட்டும். வாரத்தின் மற்ற நேரத்தில் கேட்கவும் கூடாது, கேட்கலாமா என்று யோசிக்கவும் கூடாது. மின்னஞ்சலில் மூன்றே வரி: பில் எண், தேதி, தொகை. வணக்கம் சொல்லி நலம் விசாரித்து மன்னிப்புக் கேட்கும் பழைய பாணியை விட்டுவிட்டேன். என் பணத்தைக் கேட்க நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

சொல்ல மறந்த ஒன்றுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இல்லையென்றால் பணம் எப்படி வந்தது என்பதே புரியாது. நவம்பரில் நான் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு செய்தேன் அல்லவா? அதில் ஏமாந்த கதையை இதுவரை உங்களிடம் மறைத்துவிட்டேன். தேடியதும் முதலில் வந்த தளத்தில் அரசு முத்திரை மாதிரி ஒரு படம் இருந்தது, அங்கே 1,500 ரூபாய் கட்டினேன். உண்மையில் அந்தப் பதிவு முற்றிலும் இலவசம்; 2020 ஜூலை முதல் ஆதார் எண்ணை வைத்து அரசுத் தளத்தில் நாமே பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம். முகவரியின் முடிவில் ஜிஓவி புள்ளி ஐஎன் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. 1,500 ரூபாய்க்கு இரண்டு மாதத்துக் காபித்தூள் வாங்கியிருக்கலாம். வேண்டாம், இதை நினைத்தால் மறுபடியும் தாடை வலிக்கும்.

ஆனால் அந்தப் பதிவுதான் கடைசியில் கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் செய்பவருக்கு, எழுத்தில் என்ன கெடு பேசியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி உண்டு. அதைவிடக் கம்பெனிகளை அசைப்பது, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி: கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது, கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு அனுப்பிய மூன்று வரியோடு, உத்யம் எண்ணையும் இந்த விதியை நினைவூட்டும் நான்காவது வரி ஒன்றையும் சேர்த்தேன். மிரட்டல் இல்லை, வழக்குப் பேச்சு இல்லை. ஆண்டுக்கணக்கு முடிக்க ஒரு வாரம் இருந்த நேரம் அது. அரை மணி நேரத்தில் அக்கவுண்டன்ட் அழைத்து, "ஏன் மேடம் இதை முன்னாடியே சொல்லவில்லை?" என்றார். எழுபது நாளாகக் கேட்காத குரலைக் கேட்டதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால் மன அழுத்தம் போய்விடும் என்று வீடியோ போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவரை நான்கு மணிக்கு எழச் சொல்வது என்ன வைத்தியம்? நான் செய்தது மாலை மூன்று மணிக்கு மேல் காபியை நிறுத்தியதுதான், அதுவும் மனமில்லாமல். குடித்த காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்று படித்த பிறகு, ஏழு மணி டம்ளரை நியாயப்படுத்த முடியவில்லை. அந்த நேரத்தில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைவரை நடந்துவிட்டு வருகிறேன். போன் வீட்டில் சார்ஜில் கிடக்கும்.

புதிய வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் இப்போது பாதிப் பணம் முன்கூட்டியே. கேட்டதும் இருவர் காணாமல் போனார்கள், ஒருவர் மறுபேச்சில்லாமல் அனுப்பினார். போன இருவரை நினைத்து ஒரு நாள் வருந்தினேன், பிறகு அவர்களிடம் செவ்வாய்க்கிழமைகளில் எத்தனை மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அலாரம் அடிக்கிறது, கேட்கிறதா? பதினொரு மணி. கரூர்க்காரர் ஒருவர் விசிட்டிங் கார்டுக்கு 2,500 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார், பில் அனுப்பி முப்பத்தைந்து நாள் ஆகிறது. மூன்று வரி எழுதிவிட்டு வருகிறேன்.