“என்ன நடந்தது, சொல்லுங்கள்”: எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கவே கூடாது?

[திரையில்: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். யாரும் இல்லை.]

தீக்காயத்தோடு மருத்துவமனையில் படுத்திருக்கிறார் ஒருவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்று என்ன நடந்தது? ஒன்று விடாமல் சொல்லுங்கள். கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும்” என்கிறார் ஆலோசகர். இது அவருக்கு நல்லதா, கெட்டதா? உங்கள் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். தீக்காயம் பட்டவர்களில் ஒரு பகுதியினரை இப்படி ஒரே ஓர் அமர்வில் பேசவைத்தார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். 13 மாதங்கள் கழித்துப் பார்த்தால், பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு மன அதிர்ச்சி நோய், அதாவது பி.டி.எஸ்.டி. மற்றவர்களில் 9 சதவீதம். 1997இல் வெளியான ஆய்வு இது. பேசவைக்கப்பட்ட குழுவில் கடுமையான காயம் பட்டவர்கள் சற்று அதிகம் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் கழித்துச் சந்தித்துப் பார்த்த இன்னோர் ஆய்வு 2000இல் வந்தது. தொடக்கத்திலேயே மிகவும் கலங்கிப்போயிருந்தவர்களில், பேசவைக்கப்பட்டவர்கள் தேறாமல் நின்றுவிட்டார்கள். யாரும் கிளறாமல் விட்டவர்கள் தேறிவிட்டார்கள்.

இந்த முறைக்கு டீப்ரீஃபிங் என்று பெயர். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்காகவும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காகவும் 1980களில் உருவானது. பிறகு விபத்து, வெள்ளம், குண்டுவெடிப்பு என்று எல்லா இடத்துக்கும் பரவியது. அதைச் செய்தவர்கள் அத்தனை பேரும் நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். எனக்கு இதில் வலிப்பதே அதுதான். நல்ல மனம் மட்டும் போதும் என்றால் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது. உலக சுகாதார நிறுவனம் இப்போது இந்த முறை வேண்டாம் என்கிறது.

அப்படியானால் முதல் சில நாட்களில் என்ன செய்வது? உளவியல் முதலுதவி. அதற்காக அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு மூன்றே சொற்களில் சொல்கிறது: பார், கேள், இணை. ஆபத்து இருக்கிறதா என்று பார். அவராகச் சொன்னால் கேள், தோண்டாதே. உணவு, தங்குமிடம், காணாமல்போன உறவினர் பற்றிய தகவல், இவற்றோடு இணைத்துவிடு. பெரும்பாலானவர்கள் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள்.

தேறாதவர்கள்தான் இந்த வீடியோவின் கதை.

மாதங்கள் போய்விட்டன. இன்னும் தூக்கம் இல்லை. நிலநடுக்கத்தில் பிழைத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் கனமான லாரி ஒன்று போகிறது, தரை லேசாக அதிர்கிறது. அவ்வளவுதான், அவர் மேசைக்கு அடியில் இருக்கிறார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. இவருக்கு எது மருந்து தெரியுமா? “என்ன நடந்தது, சொல்லுங்கள்.”

ஆமாம், அதே கேள்விதான்! முதல் வாரத்தில் காயத்தைக் கிளறிய கேள்வி இப்போது மருந்தாகிறது. எப்படி என்பதைப் பார்க்க உங்களை ஒரு கயிற்றின் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறேன். நான் இந்த வீடியோவை எடுத்ததே இந்தக் கயிற்றுக்காகத்தான்.

[திரையில்: தரையில் ஒரு கயிறு. பக்கத்தில் பூக்கள், பல அளவுகளில் கற்கள்.]

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மேகி ஷவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய முறை இது. நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி என்பார்கள். வாழ்க்கைக் கதைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் ஒரு முனை சிகிச்சைக்கு வந்தவர் பிறந்த நாள். அங்கிருந்து அவரே தன் வாழ்க்கையை அடுக்குகிறார். நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ. கொடுமை நடந்த இடத்தில் ஒரு கல். சிறியதா பெரியதா என்று கல்லை அவரேதான் தேர்ந்தெடுக்கிறார். “இந்தக் கல் என்ன?” “வீடு இடிந்த நாள்.” அன்றைக்கு அதோடு சரி, உள்ளே போவதில்லை. கயிற்றின் மறுமுனையை முழுவதும் விரிப்பதும் இல்லை. கொஞ்சம் சுருட்டியபடியே விட்டுவைக்கிறார்கள். அது இனி வாழப்போகும் நாட்கள்.

அடுத்தடுத்த அமர்வுகளில் பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்லிக்கொண்டே வருகிறார். கல் வந்ததும் சிகிச்சையாளர் வேகத்தைக் குறைக்கிறார். மிக மிக மெதுவாக. “அப்போது கண்ணுக்கு என்ன தெரிந்தது?” “புழுதி.” “அப்போது உடம்பில் எங்கே பயம் இருந்தது?” “தொண்டையில்.” “இப்போது? இதைச் சொல்லும்போது தொண்டை எப்படி இருக்கிறது?” “அடைக்கிறது.” “இப்போது இந்த அறையில் என்ன தெரிகிறது?” “ஜன்னல். நீங்கள்.”

கவனித்தீர்களா? அப்போது, இப்போது. அப்போது, இப்போது. சிகிச்சை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடக்கிறது. ‘அ’ சேய்மைச் சுட்டு, ‘இ’ அண்மைச் சுட்டு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். லாரி போனதும் மேசைக்கு அடியில் புகுந்த அந்தப் பெண்ணுக்கு நிலநடுக்கம் ‘அப்போது’ நடந்ததாக இல்லை. ‘இப்போது’ நடக்கிறது. அவருடைய நினைவில் புழுதியும் சத்தமும் தொண்டை அடைப்பும் கொதித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் எந்த நாள், எந்த இடம், அதற்கு முன் என்ன, பின் என்ன என்ற விவரங்கள் அவற்றோடு ஒட்டவில்லை. தேதி ஒட்டாத நினைவு எப்போதும் இன்றைய நினைவுதான். கொதிக்கும் அந்த நினைவைத் தேதியோடும் இடத்தோடும் சேர்த்துத் தைப்பதுதான் சிகிச்சையாளரின் வேலை. இதை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்களோ, தமிழில் ஓர் எழுத்து மாறினால் போதும்! இதை உணர்ந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் சிகிச்சையாளர் கதையை எழுதிவைக்கிறார். அடுத்த முறை வாசித்துக் காட்டுகிறார், கதை சொன்னவர் திருத்துகிறார். கடைசி அமர்வில் முழுக் கதையையும் வாசித்து இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

[திரையில்: மீண்டும் இரண்டு நாற்காலிகள். இப்போது ஒன்றில் பயிற்சி பெறுபவர்.]

சரி, இதைச் செய்யக் கற்றுக்கொள்பவர் எங்கே சறுக்குகிறார்? கல்லில்தான்.

எதிரே இருப்பவர் நடுங்குகிறார், அழுகிறார். பயிற்சி பெறுபவருக்குப் பொறுக்கவில்லை. “சரி, இன்றைக்குப் போதும். தண்ணீர் குடிக்கிறீர்களா?” என்கிறார். இதைவிட அன்பான வாக்கியம் இருக்க முடியுமா? ஆனால் பயம் உச்சத்தில் இருக்கும்போது கதவு மூடப்பட்டுவிட்டது. கொதிப்பு அடங்குவதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஒரே அமர்வு டீப்ரீஃபிங் ஏன் கெடுத்தது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இதுவும் ஒன்று: சூடாக்கிவிட்டு, ஆறவிடாமல் அனுப்பியது. கல்லைத் தாண்டி, அந்த நாள் எப்படி முடிந்தது என்பது வரைக்கும் கூடவே போக வேண்டும். அமர்வு ஒன்றரை மணி நேரம் நீண்டாலும் இருக்க வேண்டும்.

“அவ்வளவு அழுத்தினால் நோயாளி ஓடிவிட மாட்டாரா?” நியாயமான கேள்வி. உகாண்டாவின் நகிவாலே அகதி முகாமில் இதற்கு விடை கிடைத்தது. ருவாண்டா, சோமாலியா அகதிகள் 277 பேர் பங்கேற்ற ஆய்வு, 2008இல் வெளியானது. சிகிச்சை தந்தவர்கள் அதே முகாமின் அகதிகள். ஆறு வாரப் பயிற்சி, அவ்வளவுதான். வாழ்க்கைக் கதைச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 4 சதவீதம். விருப்பம்போல் பேசவிடும் ஆலோசனையைப் பாதியில் விட்டவர்கள் 21 சதவீதம்! குணமானதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலுமே மூன்றில் இரண்டு பங்கினர் அளவுக்கு நோயிலிருந்து மீண்டார்கள். ஆனால் ஓடிவிடுவார்கள் என்று பயந்த சிகிச்சையில்தான் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பயம் நோயாளியைவிட நமக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

வட அயர்லாந்தின் ஓமா நகரில் 1998இல் குண்டு வெடித்து 29 பேர் இறந்தபோதும் வெளியிலிருந்து நிபுணர் படையைக் கொண்டுவந்து இறக்கவில்லை. அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கே அறிதிறன் சிகிச்சையில், அதாவது நோயாளியின் எண்ணங்களை மாற்றிக் குணப்படுத்தும் முறையில், பயிற்சி தந்தார்கள். நல்ல பலன் கிடைத்தது.

இனிப் பயிற்சி நடத்துபவர்களுக்கு. பேரிடர் வந்ததும் இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், குழுப் புகைப்படம். இதை மனமார எதிர்க்கிறேன். பயிலரங்கில் அறிவு கூடுகிறது, கை பழகுவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை, ஒரு சிகிச்சைக்கு மூன்று நாள் பயிலரங்கு வைத்தது. அதன்பின் ஆறு மாதங்கள் வாரந்தோறும் அனுபவசாலியோடு கலந்தாலோசனையும் வைத்தது. அந்த ஆறு மாதங்கள்தான் பயிற்சி. நேபாளத்தில் உருவான இனாக்ட் என்ற மதிப்பீட்டு முறையும் எனக்கு மிகவும் பிடிக்கும். எழுத்துத் தேர்வு மட்டும் போதாது என்று, நோயாளியாக நடிக்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, பயிற்சி பெற்றவர் எப்படிக் கேட்கிறார், எங்கே குறுக்கிடுகிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

நாள் முழுவதும் இந்தக் கதைகளைக் கேட்பவருக்கும் தூக்கம் கெடும். வாராந்தரக் கலந்தாலோசனை அவருக்கும் சேர்த்துத்தான்.

நிவாரணப் பணிக்குப் போகும் தன்னார்வலர் யாரையாவது தெரிந்தால் இந்த வீடியோவை அனுப்புங்கள், முதலுதவிப் பகுதியையாவது பார்க்கட்டும். நீங்களே ஆலோசகர் என்றால் எனக்கு ஒன்று எழுதுங்கள்: பயிற்சி முடிந்த பிறகு, நீங்கள் நடத்திய ஓர் அமர்வையாவது யாராவது கூட உட்கார்ந்து கேட்டார்களா?