குறிப்பேட்டில் ஒரு சக்கர நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சேவைச் சங்கத்தில் இரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். பொதுவாக அந்தப் பதவி ஓராண்டுதான். இரண்டாவது ஆண்டு, வேறு யாரும் கிடைக்காததால் என் தலையில் விழுந்தது.

சேவைச் சங்கம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஒரு மேடை, ஒரு பயனாளி, அவருக்கு ஒரே பொருளை எட்டுப் பேர் சேர்ந்து கொடுப்பது, எட்டு முகமும் கேமராவைப் பார்ப்பது. அப்படிச் சில படங்களில் நானும் இருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் நான் பேச வந்தது யாரும் படம் எடுக்காத வாராந்திரக் கூட்டத்தைப் பற்றி.

இந்தக் கூட்டத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேருடன் உட்கார்ந்து பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையல் தொழில் செய்தவர். ஒவ்வொரு முறையும் ஒருவர் அலுவலகம் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி, அதாவது சுழல்வது, என்று சங்கத்துக்குப் பெயர் வந்தது. அவர்கள் கூடியது சேவைக்காகக்கூட இல்லை. பெரிய நகரத்தில் நாலு நண்பர்கள் வேண்டும், தொழிலில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும், அவ்வளவுதான். ஊருக்காக முதலில் கையிலெடுத்த வேலை எது தெரியுமா? 1907இல், பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று குரல் கொடுத்தது. அதில் யார் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள்?

லயன்ஸ் கிளப் எனப்படும் அரிமா சங்கம் 1917இல் வந்தது. 1925இல் அதன் மாநாட்டில், பார்வையும் செவித்திறனும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பேசி, பார்வையற்றோருக்குத் துணையாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அரிமா சங்கம் என்றாலே கண் சிகிச்சை முகாம் என்று ஆனதற்குப் பின்னால் அந்தப் பேச்சு இருக்கிறது.

சரி, கூட்டத்துக்குள் போவோம். தலைவர் மணியடிப்பார். வரவேற்புரை, விருந்தினர் பேச்சு, நடுவில் அபராதம். அரிமா சங்கத்தில் இதற்கென்றே டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பொறுப்பாளர் உண்டு. தாமதமாக வந்தாயா, சட்டையில் சங்கத்து பேட்ஜ் இல்லையா, போடு உண்டியலில் என்பார். அவருக்கே அபராதம் போட வேண்டுமானால், வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சங்க விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வருகைப் பதிவு இன்னொரு கதை. ரோட்டரியில் ஒரு காலத்தில், காரணம் சொல்லாமல் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராவிட்டால் உறுப்பினர் பதவியே போய்விடும். வெளியூர் போனால் அங்கே உள்ள சங்கத்தில் போய் உட்கார்ந்து ஈடுகட்டுவார்கள். 2016இல் விதியைத் தளர்த்தி, மாதத்துக்கு இரண்டு கூட்டம் போதும் என்றார்கள். வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு அது தேவைதான். ஆனாலும் என் கட்சி பழைய கட்சி. வாராவாரம் பார்க்கும் முகத்திடம்தான் 'நாளைக்குக் காலையில் ரத்தம் வேண்டும், வருவாயா?' என்று கூச்சமில்லாமல் கேட்க முடியும்.

கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் செயலாளருடையது. விருந்தினர் பேசி முடித்ததும் பாதிப் பேர் நாற்காலியை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் குறிப்பேட்டைப் படிப்பேன். முகாமுக்கு மேசை யார் கொண்டுவருவது? கேட்டுப் பார்க்கிறேன் என்று போன வாரம் ஒப்புக்கொண்டவர் கேட்டாரா, இல்லையா? பதில் வராத வரிகள் அடுத்த வாரத்துக்குப் போகும். என்னைக் கேட்டால், சங்கம் என்பது அந்த நிலுவை வரிகள்தான்.

அப்படி ஒரு வரி: 'சக்கர நாற்காலி எண் 3, திரும்பி வரவில்லை.' நோயாளிகளுக்கு இரவல் கொடுக்க எங்களிடம் சில நாற்காலிகள் உண்டு. மூன்றாம் எண் போன இடத்திலேயே இருந்துவிட்டது. பதினொரு வாரம் அதே வரியைப் படித்தேன். உறுப்பினர்கள் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு அபராதம்கூடப் போட்டார்கள். கடைசியில் எங்கள் பொருளாளர், கொஞ்சம் கறாரானவர், நேரிலேயே போனார். நாற்காலியை வாங்கிப் போனவர் குணமாகி நடக்கத் தொடங்கியிருந்தார். நாற்காலி மட்டும் அந்த வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர்களே தள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்களாம். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

கறாராகப் போன பொருளாளர் பாட்டி வீட்டுக்கும் போய், சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார். நான் குறிப்பேட்டில் பெயரை மட்டும் மாற்றி எழுதினேன்.