1993இல் போட்ட ஓட்டுக்குத்தான் பெருமை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1990களில் அமெரிக்க அரசின் பட்ஜெட் பற்றாக்குறை ஒழிந்து உபரி வந்ததே, அந்தப் பெருமை ஜனநாயகக் கட்சி அதிபர் கிளிண்டனுக்கா, 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி ஜெயித்துக் கைப்பற்றிய காங்கிரஸுக்கா, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கா? கிளிண்டனுக்கும், 1993இல் வரியை உயர்த்திய அவரது பட்ஜெட் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டு அவரோடு நின்றவர்களுக்கும்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "கஜானா காங்கிரஸ் கையில். புதிய காங்கிரஸ் வந்தது, உபரியும் வந்தது" என்றார். கஜானா காங்கிரஸ் கையில் என்பது சரி. ஆனால் கணக்கை அவர் நடுவில் இருந்தல்லவா தொடங்குகிறார்? 1992 நிதியாண்டில் பற்றாக்குறை சுமார் 29,000 கோடி டாலர். 1995 நிதியாண்டில் சுமார் 16,400 கோடி. அந்த நிதியாண்டு தொடங்கியது 1994 அக்டோபரில். எதிரணி புகழும் காங்கிரஸ் பதவியேற்றதோ 1995 ஜனவரியில். அவர்கள் தங்கள் முதல் பட்ஜெட்டைப் போடுவதற்கு முன்பே பற்றாக்குறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது.

இரு கட்சியும் கூடிப் போட்ட 1997 சமநிலை பட்ஜெட் சட்டத்தையும் பெரிதாகச் சொன்னார். அது கையெழுத்தானது ஆகஸ்ட் 5இல். அடுத்த மாதம் முடிந்த நிதியாண்டில் பற்றாக்குறை வெறும் 2,200 கோடி. அந்தச் சட்டம் வேலையைத் தொடங்கும்போதே வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது.

சரி, பொருளாதாரம் செழித்தது, பங்குச் சந்தை ஏறியது, வரி தானாகக் கொட்டியது என்பீர்கள். செழிப்பின் பங்கை நான் மறுக்கவில்லை, அது பெரிய பங்குதான். ஆனால் மேல்தட்டு வருமானத்துக்கான வரியை 31 சதவீதத்தில் இருந்து 39.6 ஆக உயர்த்தியது 1993 சட்டம். பணக்காரர்களின் வருமானம் பெருகியபோது அரசுக்கு அவ்வளவு வந்து சேர்ந்ததில் அந்த விகிதத்துக்குப் பங்கில்லையா? இந்த வரி நாட்டை மந்தநிலையில் தள்ளும் என்று அன்று எச்சரித்தவர்கள் குடியரசுக் கட்சித் தலைவர்கள். அதே செழிப்பை இன்று அவர்கள் கணக்கில் எழுதச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்று, என் அணிக்கு வசதியில்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். 1990இல் குடியரசுக் கட்சி அதிபரான மூத்த புஷ், புதிய வரி போடமாட்டேன் என்ற தன் வாக்குறுதியையே மீறி, வரியை உயர்த்தவும் செலவுக்கு உச்சவரம்பு போடவும் சம்மதித்தார். 1992 தேர்தலில் தோற்றார். அவருக்குப் பெருமையில் பங்கு உண்டு. அந்த உச்சவரம்பை நீட்டித்ததும் இதே 1993 சட்டம்தான்.

அந்தச் சட்டம் எப்படி நிறைவேறியது தெரியுமா? பிரதிநிதிகள் சபையில் 218க்கு 216. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை, சொந்தக் கட்சியிலேயே 41 பேர் எதிர்த்தார்கள். செனட்டில் 50க்கு 50 என்று நின்று, துணை அதிபர் அல் கோர் ஓட்டுப் போட்டுத்தான் ஜெயித்தது. பென்சில்வேனியாவில் இருந்து முதல் முறையாக வந்த மார்ஜரி மார்கோலிஸ் மெஸ்வின்ஸ்கி, தன் தொகுதி மன்னிக்காது என்று தெரிந்தே கடைசி நேரத்தில் ஆதரித்து ஓட்டுப் போட்டார். எதிர்வரிசையினர் அவையிலேயே அவருக்கு விடைகொடுத்துக் கோஷமிட்டார்கள். 1994இல் அவர் தோற்றார். அதே தேர்தலில் ஜெயித்து வந்தவர்களுக்கே முழுப் பெருமையும் என்று எதிரணி கேட்கிறது. கொடுக்காதீர்கள், நடுவர் அவர்களே.