நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?

(அரூரில் நடந்த ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு உதவி வழக்கறிஞர் ஒருவர் பேசியது)

மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏபிபியாக, அதாவது போலீஸ் போடும் வழக்கை அரசுக்காகக் கோர்ட்டில் நடத்தும் வக்கீலாக, இருந்தபோது ஓர் அடிதடி வழக்கு. சாட்சி ஒரு அம்மா. இரண்டு வாய்தா வீணாக வந்து திரும்பியவர். மூன்றாவது தடவையும் கூலியை விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்து, கோர்ட் வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். கேஸ் கட்டோடு நான் கடந்தபோது கேட்டார்: "ஏங்க சார், நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?"

கறுப்புக் கோட்டு போட்ட எல்லாரும் அவருக்கு ஒன்றுதான். கூண்டில் ஏறியதும் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ்சாட்சி ஆனார். தப்பு என்னுடையதும்தான், அதற்கு முன் அவர் என் முகத்தையே பார்த்ததில்லை.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1990-இல் ஓர் அரசு வழக்கறிஞரை லாயிட் வட்டாரத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜனங்கள் அவரிடம் கொலை, கொள்ளையைப் பற்றி அதிகம் பேசவில்லை. தெருவில் குடிப்பது, காரை உடைத்துத் திருடுவது, குப்பை என்றுதான் முறையிட்டார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே? கள்ளத்தனமாகச் சாராயம் விற்கும் சந்துக்கடை எங்கே நடக்கிறது, எந்த பஸ் ஸ்டாப்பில் விளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பந்தக்கால் நடுகிறார்கள், எல்லாம் ஊருக்குத் தெரியும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடவும் ஆள் உண்டு. சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துப்பு துலக்குவது போலீஸ் வேலை. சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எங்களுக்கும் கூடாது. ஆனால் சம்மன் என்றால் என்ன, கூண்டில் யார் என்ன கேட்பார்கள் என்று ஊருக்கே வந்து சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்கு 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும்? சரி, கையை இறக்குங்கள்.

வாச்சாத்தியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா? 1992 ஜூனில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்தவர்கள் அந்தக் கிராமத்தைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமை. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். அந்தப் பெண்கள் பத்தொன்பது வருஷம் சொன்ன சொல்லில் நின்றார்கள். 2011-இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தருமபுரி கோர்ட் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி, 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அந்த செப்டம்பரில் தண்டனையை உறுதிசெய்தார்.

நீதிபதியே வந்த ஊருக்கு ஏபிபி வரக் கூடாதா? அடுத்த கிராம சபைக்கு அவரையும் கூப்பிடுங்கள். முதல் தடவை வராவிட்டால் இன்னொரு கடிதம் போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.