ஓடியே ஜெயித்த ராயல்ஸ்

எல்லோருக்கும் வணக்கம்.

பேஸ்பால் என்றதும் நம்மில் பலருக்கு நியூயார்க் யாங்கீஸ் தொப்பிதான் நினைவுக்கு வரும். ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர்களும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். நான் பேச வந்தது அந்தப் பணக்கார அணியைப் பற்றி அல்ல. அமெரிக்காவின் நடுவில், மிசௌரி மாநிலத்தில் இருக்கும் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியைப் பற்றி. நான் அந்த அணியின் ரசிகன். அதனால் என்னிடம் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

1985ல் ராயல்ஸ் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் கோப்பையை ஜெயித்தது. அதன் பிறகு 29 வருடம் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் சிறந்த அணிகள் மோதும் சுற்றுகள், பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2004, 2005, 2006 என்று தொடர்ந்து மூன்று வருடம் நூறு ஆட்டங்களுக்குக் குறையாமல் தோற்றது. அப்படிப்பட்ட அணி 2014ல் வேர்ல்டு சீரிஸின் ஏழாவது, அதாவது கடைசி ஆட்டம் வரை போனது. 2015ல் கோப்பையையே தூக்கியது. எப்படி நடந்தது என்று கேட்டால் பாதிப் பேர் 'அதிர்ஷ்டம்' என்பார்கள். அது அதிர்ஷ்டம் இல்லை, தன் மைதானத்துக்கும் தன் பணப்பைக்கும் ஏற்றபடி ஆளெடுத்த அணி அது என்பதுதான் என் கட்சி.

2014ன் கணக்கைப் பாருங்கள். உச்ச லீகான மேஜர் லீகில் 30 அணிகள். அவற்றில் ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டும் அடி, மிகக் குறைவாக அடித்தது ராயல்ஸ். சீசன் முழுக்க 95 தான். 'வாக்' வாங்கியதிலும் கடைசி இடம். வாக் என்றால், பந்து போடுகிற பிட்சர் நாலு பந்தைத் தப்பாகப் போட்டதால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கிற முதல் பேஸ். பேஸ் என்பது வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடம்; மூன்றைத் தொட்டு, கடைசியாக 'வீட்டை'த் தொட்டால் ஒரு ரன். இந்த இரண்டிலும் கடைசியாக இருக்கிற அணி உருப்படாது என்றுதான் அந்தக் காலத்துப் புள்ளிவிவரப் புலிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே அட்டவணையில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. பேஸ் திருடியதில், அதாவது பேட்டர் அடிப்பதற்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்ததில், ராயல்ஸ் முதலிடம், 153. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட் ஆகிற ஸ்ட்ரைக் அவுட்டில் மிகக் குறைவு, 985. மற்ற அணிகள் ஆயிரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஸ்ட்ரைக் அவுட்டும் அவுட்தானே, கேட்ச் கொடுத்தாலும் அவுட்தானே, என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். இருக்கிறது. ஸ்ட்ரைக் அவுட் ஆனால் எதிரணியில் பிட்சரையும், விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரையும் தவிர வேறு யாருக்கும் வேலை இல்லை. பந்து பேட்டில் பட்டு உருண்டுவிட்டால் ஒருவர் குனிந்து எடுக்க வேண்டும், சரியாக எறிய வேண்டும், எதிர்முனையில் இன்னொருவர் பிடிக்க வேண்டும். மூன்றில் எது தவறினாலும் ஓடுகிறவன் பிழைத்துவிடுவான். நம் ஊர் கிரிக்கெட்டில் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஒரு ரன்னை இரண்டாக்கி ஃபீல்டரைப் பதறவைக்கும் ஜோடியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புத்தியை ஒரு அணி முழுவதற்கும் கொடுத்தால் அதுதான் ராயல்ஸ்.

இதற்கு மைதானமும் ஒரு காரணம். காஃப்மன் ஸ்டேடியம் 1973ல் திறந்தது. அவுட்ஃபீல்டுக்கு அப்பால் நீரூற்றுகள் பொங்கிக்கொண்டிருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஹோம் ரன் அடிக்கிறவனுக்கு அது நரகம். மையத்தில் சுவர் 410 அடி தூரத்தில் இருக்கிறது. அந்த வருடங்களில் இரண்டு பக்க இடைவெளிகளும் ஆழமாக இருந்தன. வேறு ஊரில் சுவரைத் தாண்டும் பந்து இங்கே ஃபீல்டரின் கையுறைக்குள் விழும். அங்கே பலசாலிகளைக் கோடி கோடியாகக் கொடுத்து வாங்கினால் பணம் வீண். ஓடிப் பிடிக்கிறவர்களையும் இடைவெளி பார்த்து அடிக்கிறவர்களையும் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அணியை உருவாக்கிய யூயிங் காஃப்மனுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் ஒரு அகாடமி நடத்தினார். வேகமும் உடல்திறனும் உள்ள பையன்களைத் தேர்ந்தெடுத்து, ஆட்டத்தை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அங்கிருந்து வந்த ஃபிராங்க் வைட் பிறகு எட்டு முறை சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருது வாங்கினார். ஆக, 2014ல் யாரோ திடீரென்று கண்டுபிடித்த பாணி இல்லை இது. வீட்டில் இருந்த சொத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

எடுத்தவர் ஜெனரல் மேனேஜர் டேட்டன் மூர். இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வந்த பையன்கள் ஒரு பக்கம். நெப்ராஸ்காக்காரரான அலெக்ஸ் கார்டன், மைக் முஸ்டாகஸ், எரிக் ஹாஸ்மர். வெனிசுவேலாவிலிருந்து பதின்ம வயதில் ஒப்பந்தமான கேட்சர் சால்வடோர் பெரெஸ் இன்னொரு பக்கம். கார்டன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்றாவது பேஸில் பெரிய நட்சத்திரமாக வருவார் என்று 2005ல் இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். சோபிக்கவில்லை. கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகுக்கு அனுப்பி லெஃப்ட் ஃபீல்டு ஆடக் கற்றுக்கொள் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் போய்க் கற்றுக்கொண்டு வந்து, அந்த இடத்தில் லீகிலேயே சிறந்த ஃபீல்டர் ஆனார்.

அப்புறம் இரண்டு வியாபாரங்கள். 2010 டிசம்பரில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய சாக் கிரெய்ங்கியை மில்வாக்கிக்குக் கொடுத்து லொரென்ஸோ கேன், அல்சிடெஸ் எஸ்கோபார் உட்பட நாலு பேரை வாங்கினார்கள். கேன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை பேஸ்பாலே ஆடியதில்லை, கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காததால் இந்தப் பக்கம் வந்தவர். அவர் சென்டர் ஃபீல்டில் ஓடுவதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது வியாபாரம் 2012 டிசம்பரில். வில் மையர்ஸ் என்ற பெரிய நம்பிக்கையை டாம்பா பேவுக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரண்டு பிட்சர்களை எடுத்தார்கள். மூருக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருடமே மையர்ஸ் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கியதும் திட்டு இரட்டிப்பானது. வேட் டேவிஸோ அதே 2013ல் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக இறங்கிச் செமத்தியாக அடி வாங்கினார்.

அந்த டேவிஸ்தான் 2014ல் புல்பென்னுக்கு, அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பிட்சர்கள் வரிசைக்கு, போனார். போனதும் ஆளே மாறிவிட்டார். 72 இன்னிங்ஸ் போட்டார், ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட், சமனானால் ஆட்டம் நீளும். ஏழாவது இன்னிங்ஸுக்கு கெல்வின் ஹெரேரா, எட்டாவதுக்கு டேவிஸ், ஒன்பதாவதுக்கு கிரெக் ஹாலண்ட். ஆறு இன்னிங்ஸ் முடியும்போது ராயல்ஸ் ஒரு ரன் முன்னால் இருந்தால் எதிரணி ரசிகர்கள் கார் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கலாம். இப்போது எல்லா அணியும் வேகமான மூன்று நாலு பேரைக் கடைசிக்கு அடுக்கி வைக்கிறது. அதில் ராயல்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் அடித்துச் சொல்வேன்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். 2014 செப்டம்பர் 30. காஃப்மனில் ஓக்லாந்து அணியோடு வைல்டு கார்டு ஆட்டம். ஒரே ஆட்டம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஓக்லாந்து ஜூலையில் தன் முக்கியமான பேட்டரையே கொடுத்து ஜான் லெஸ்டர் என்ற பிட்சரை வாங்கி வைத்திருந்தது, இப்படி ஒரு நாளுக்காகவே. ஆறாவது இன்னிங்ஸில் நம் மேனேஜர் நெட் யோஸ்ட் ஒரு காரியம் செய்தார். இரண்டு நாள் முன்புதான் ஆட்டம் தொடங்கியிருந்த இளம் பிட்சர் யோர்டானோ வெஞ்சுராவை, ஆள்கள் பேஸில் நிற்கும்போது உள்ளே கொண்டுவந்தார். ஓக்லாந்தின் பிராண்டன் மாஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். மைதானமே யோஸ்டைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அந்த முடிவை நான் இன்றைக்கும் மன்னிக்கத் தயாராக இல்லை.

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-3 என்று பின்தங்கியிருந்தோம். ஆனால் ராயல்ஸ் ஒரு விஷயத்தை மோப்பம் பிடித்திருந்தது. லெஸ்டர் முதல் பேஸுக்கு எறிய மாட்டார், அது அவருடைய பலவீனம். போதாததற்கு ஓக்லாந்தின் கேட்சர் ஜொவானி சோட்டோ ஆரம்பத்திலேயே கட்டைவிரலில் அடிபட்டு வெளியேறிவிட்டார். பதிலுக்கு வந்த டெரெக் நாரிஸுக்கு எறிவதில் அவ்வளவு பலம் இல்லை. ஓடினார்கள். எஸ்கோபார், கேன், கார்டன் என்று ஆள் மாற்றி ஆள் திருடினார்கள். எட்டாவதில் மூன்று ரன் வந்தது. 7-6.

ஒன்பதாவது இன்னிங்ஸில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அந்த அணியின் மொத்தக் குணமும் அதில் இருக்கிறது. ஜாஷ் வில்லிங்ஹம் மாற்று பேட்டராக வந்து ஒரு சின்ன அடி அடித்து முதல் பேஸில் நின்றார். அவருக்குப் பதில் ஓட ஜாரட் டைசன் வந்தார். 2006 டிராஃப்டில் ஐம்பதாவது சுற்றில், ஏறக்குறைய எல்லோரும் கடையைக் கட்டிய பிறகு எடுக்கப்பட்ட ஆள். அவருடைய கால் மட்டும்தான் அவருடைய மூலதனம். எஸ்கோபார் பந்தை மெதுவாகத் தட்டித் தன்னைப் பலி கொடுத்து அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைத் திருடுவது ஆபத்து, கேட்சருக்கு எறியும் தூரம் குறைவு. சிக்கினால் சீசனே முடிந்த மாதிரிதான். டைசன் ஓடினார், சேர்ந்தார். எழுந்து நின்று மோட்டார் பைக் ஆக்சிலரேட்டரை முறுக்குகிற மாதிரி கையை முறுக்கிக் காட்டினார் பாருங்கள்! அடுத்து நோரி அயோகி வலது பக்கம் தூக்கி அடித்தார். பிடித்தார்கள், ஆனால் பிடித்த மறுகணமே ஓடி டைசன் வீடு வந்துவிட்டார். 7-7. இதில் எங்கேயாவது ஒரு பெரிய அடி உண்டா? ஒரு சின்ன அடி, ஒரு தட்டு, ஒரு ஓட்டம், ஒரு கேட்ச். ஒரு ரன்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸில் மறுபடியும் ஒரு ரன் பின்னால் போய், ஹாஸ்மரை மூன்றாவது பேஸ் வரை கொண்டுபோன டிரிபிள், கிறிஸ்டியன் கோலோனின் உருட்டல், அவர் திருடிய பேஸ், கடைசியில் பெரெஸ் வெகு வெளியே போன பந்தை எட்டி இழுத்து மூன்றாவது பேஸ் கோட்டோரமாக அடித்தது என்று 9-8ல் முடிந்தது. அன்றைக்குத் திருடிய பேஸ்கள் ஏழு. பிளேஆஃபில் அது சாதனைக்குச் சமம்.

அதற்குப் பிறகு ஏஞ்சல்ஸையும் ஓரியோல்ஸையும் ஒரு ஆட்டம்கூட விடாமல் துவைத்து, கடைசியில் சான் பிரான்சிஸ்கோவிடம் ஏழாவது ஆட்டத்தில் 3-2 என்று தோற்றோம். அவர்களுடைய பிட்சர் மேடிசன் பம்கார்னர் ஒற்றை ஆளாக நின்று ஐந்து இன்னிங்ஸ் போட்டார். கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு கார்டன் அடித்த பந்தை ஃபீல்டர்கள் தவறவிட, அவர் மூன்றாவது பேஸ் வரை ஓடினார். பயிற்சியாளர் மைக் யிர்ஷெலி அங்கே நிறுத்திவிட்டார். ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நிறுத்தியது சரி என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் ஆடும் ஷார்ட்ஸ்டாப் கைக்குப் பந்து வந்துவிட்டது. ஓடவிட்டிருந்தால் பத்தடி முன்னாலேயே அவுட் ஆகியிருப்பார்.

2015க்கு முன்பு ஒரு பேர்போன கணிப்பு, ராயல்ஸ் 72 ஆட்டம் ஜெயிக்கும் என்றது. ஜெயித்தது 95. ஜூலையில் பென் ஸோப்ரிஸ்ட், ஜானி குயேட்டோ இரண்டு பேரையும் வாங்கினார்கள். நல்ல வாங்கல். ஆனால் சுபாவம் மாறவில்லை, ஸ்ட்ரைக் அவுட்டில் மறுபடியும் அதுதான் குறைந்த அணி. பிளேஆஃபில் ஹியூஸ்டனில் 6-2 என்று பின்தங்கி, சீசன் முடிய ஆறு அவுட் பாக்கி இருக்கும்போது, எட்டாவது இன்னிங்ஸில் முதல் பேஸ் வரை மட்டும் கொண்டுபோகிற சிங்கிள் வரிசையாக ஐந்து அடித்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட பயமுறுத்தும் அடி இல்லை. அடுத்து அடித்த ஒரு பந்து ஹியூஸ்டனின் ஷார்ட்ஸ்டாப் கார்லோஸ் கொரேயாவைத் தாண்டிப் போனது. ஆட்டம் கைமாறியது.

அடுத்த சுற்றில் டொரண்டோவுடன் ஆறாவது ஆட்டத்தில் ஹாஸ்மர் அடித்தது வெறும் சிங்கிள். முதல் பேஸில் இருந்த கேன் அதில் நேராக வீட்டுக்கே ஓடினார். வலது பக்க ஃபீல்டர் ஹோஸே பட்டிஸ்டா இப்படிப்பட்ட பந்தை இரண்டாவது பேஸுக்கு எறிகிற பழக்கம் உள்ளவர் என்று முன்பே கவனித்து வைத்திருந்தார்கள். கேனை அனுப்பியது அதே யிர்ஷெலிதான். போன வருடம் கார்டனை நிறுத்தியதற்குத் திட்டு வாங்கிய மனிதர்.

கடைசியாக வேர்ல்டு சீரிஸில் நியூயார்க் மெட்ஸ், 2015 நவம்பர் 1. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால், மூன்றாவது பேஸில் ஹாஸ்மர். பெரெஸ் உருட்டிவிட்ட பந்தை மெட்ஸின் டேவிட் ரைட் எடுத்து, ஹாஸ்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் பேஸுக்கு எறிந்தார். கை திரும்பியதும் ஹாஸ்மர் கிளம்பிவிட்டார். முதல் பேஸில் அதைப் பிடித்த லூகஸ் டூடா பதற்றத்தில் வீட்டுக்கு எறிந்த பந்து கேட்சருக்கு எட்டாமல் போனது. சரியாக எறிந்திருந்தால் ஹாஸ்மர் அவுட், மறுக்கவே முடியாது. அதிர்ஷ்டம் என்கிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஓடாதவனுக்கு அந்த அதிர்ஷ்டம் எப்படி வரும்? அதே அணிகளுக்கு எதிராக வேறு யாரும் அப்படி ஓடவில்லையே. பன்னிரண்டாவதில் டைசன் மறுபடி திருடினார். அந்த வருடம் பிளேஆஃபில் அதுவரை ஒரு பந்தைக்கூடச் சந்திக்காத கோலோன் வந்து வெற்றி ரன்னை அடித்தார். 7-2. 25 பேர் கொண்ட அந்த அணியில் இருபத்தைந்தாவது ஆளுக்கும் ஒரு வேலை இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரியில் வெஞ்சுரா டொமினிக்கன் நாட்டில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்த சீசன் முடிந்ததும் ஹாஸ்மரும் கேனும் வெளியே போனார்கள். 2018ல் 104 தோல்வி, 2023ல் 106.

இப்போது பாபி விட் ஜூனியர் இருக்கிறார். 2024ல் .332 சராசரியில், அதாவது ஆயிரம் முறை ஆடினால் 332 முறை அடித்து பேஸ் சேரும் கணக்கில், அடித்து லீகின் பேட்டிங் பட்டம் வாங்கினார், 30க்கு மேல் ஹோம் ரன், 30க்கு மேல் திருட்டு. ஷார்ட்ஸ்டாப்பில் அவரைப் போல எல்லைக்கு எல்லை ஓடுகிறவர் இன்று யாரும் இல்லை. கேப்டனாகப் பெரெஸ் இன்னும் உட்கார்ந்து எழுந்து பந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த 2024ல் பிளேஆஃபுக்கும் போய், ஓரியோல்ஸை வென்று, யாங்கீஸிடம் தோற்றோம். அணியின் குறை எனக்குப் பளிச்சென்று தெரிகிறது: அவுட்ஃபீல்டு. அங்கே அடிக்கிறவர் இல்லை. அதற்காக எங்கிருந்தோ ஒரு குண்டு ஹோம் ரன் வீரரை வாங்கி அந்தப் பெரிய புல்வெளியில் நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கேன் மாதிரி ஒருவர் வேண்டும். பிடிக்கவும் ஓடவும் தெரிந்து, .280 அடிக்கிற ஒரே ஒரு ஆள். அப்படி ஒருவரை பாபி விட்டுக்குப் பின்னால் பேட்டிங் வரிசையில் நிறுத்தினால், எதிரணி பிட்சர் யாரைப் பார்த்துப் போடுவார்?

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். யாங்கீஸ் ரசிகர்களும் கேட்கலாம்.