213 நாள் நடந்தவன் கதை

நேயர்களுக்கு வணக்கம். நான் டாக்டரும் இல்லை, யோகா ஆசிரியரும் இல்லை. முப்பது வருடமாக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற ஆள். என்னை ஏன் பழக்கவழக்கம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள் என்றால், விட்டுப்போன என் நடைப்பயிற்சியைப் பற்றி இந்த நிலையத்து நண்பர் ஒருவரிடம் டீக்கடையில் புலம்பினேன், அதை அப்படியே வந்து மைக்கில் சொல்லுங்கள் என்றுவிட்டார்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். என் பெண் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிட்டாள். பத்தாயிரம் அடி ஆனதும் மணிக்கட்டில் சின்னதாக ஒரு வாணவேடிக்கை, பக்கத்தில் தொடர்ந்து எத்தனை நாள் என்று ஒரு எண். ஸ்ட்ரீக் என்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. இரண்டாவது மாடிக்கே லிஃப்டுக்காகக் காத்து நிற்கிற நான், பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தேன். 150 நாள் தாண்டியதும்தான் கிறுக்குப் பிடித்தது. ராத்திரி 11:40 மணிக்கு லுங்கியோடு பிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவே சுற்றி வந்துகொண்டிருந்தேன், இன்னும் 800 அடி பாக்கி, கால் கெஞ்சுகிறது. சரி என்று நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் வீசிப் பார்த்தேன். வாட்ச் அதையும் அடி என்றே எழுதிக்கொண்டது. உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்: "ஊரான் கணக்குல ஒரு ரூபா உதைச்சா தூங்க மாட்டீங்களே, இது என்ன கணக்கு?"

அப்போதுதான் இந்தப் பத்தாயிரத்தை யார் வைத்தது என்று தேடினேன். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அடுத்த வருடம் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டுகிற ஒரு கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி. எண் முழுசாக இருக்கிறது, வாயில் நிற்கிறது, அவ்வளவுதான், ஆராய்ச்சி செய்து வந்த அளவு அல்ல. 2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதான சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது, சுமார் 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. எனக்கு 72 ஆக இன்னும் காலம் இருக்கிறது, பாட்டியும் இல்லை, ஆனாலும் 11:40-க்கு நான் சுற்றியது யாருக்காக என்ற கேள்வி வந்துவிட்டது.

மென்பொருள்காரர்களுக்கும் இதே கதைதான். கிட்ஹப் என்ற தளத்தில் ஒருவர் தொடர்ந்து எத்தனை நாள் நிரல் சேர்த்தார் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள், 2016-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தபின் சனி, ஞாயிறு வேலை குறைந்தது. ஒரு நாளைக்கு ஒப்புக்கு ஒன்றே ஒன்று சேர்க்கிற வழக்கமும் குறைந்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த ஒன்றே ஒன்றுதான் என் கைவீச்சு.

214-ஆம் நாள் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருந்தேன். மறுநாள் வாட்சைப் பார்த்தால் பூஜ்யம். அம்மா நாலே நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார், நான்தான் தேறவில்லை, அப்புறம் பதினேழு நாள் செருப்பை மாட்டவே இல்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்கிற புத்தி. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற உளவியலாளர்கள் இதை மில்க்‌ஷேக் கொடுத்தே பார்த்திருக்கிறார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு, அடுத்து வைத்த ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், டயட்டில் இருந்தவர்களோ குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள், விரதம்தான் கெட்டுப்போயிற்றே!

இத்தனைக்கும் ஒரு நாள் விட்டால் குடி முழுகிப் போவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக வருகிற அளவுக்குப் பழக்கமாக சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை ஆகலாம் என்று கணக்குப் போட்டார்கள். 21 நாள் போதும் என்கிற வாட்ஸாப் வாக்கை மறந்துவிடுங்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: நடுவில் ஒரு நாள் தவறியது அவர்களுடைய பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

யோசித்தால் நம் வீடுகளில் இந்த எண்ணிக்கை புதிதே இல்லை. சித்த வைத்தியர் ஒரு மண்டலம் சாப்பிடச் சொன்னால் 48 நாள், ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41, மார்கழிக் கோலம் ஒரு மாதம். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு, முடிந்தால் பாயசமும் உண்டு. செயலிகள் எண்ணுகிற நாளுக்குத்தான் முடிவே கிடையாது, வாடிக்கையாளரை வெளியே விட எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? இன்னொன்று, துக்க வீட்டு வாசலில் கோலம் இருக்காது. அதைத் தெருவில் யாரும் குறையாக எண்ணுவதில்லை. மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ போன்ற செயலிகளில் அதே சலுகையை ஸ்ட்ரீக் ஃப்ரீஸ் என்று பெயர் வைத்து, விளையாடிச் சேர்த்த ரத்தினங்களுக்கு விற்கிறார்கள்.

விடாமல் செய்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரான் ஹில், 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர், 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை 52 வருடம் தினமும் ஓடினார். நெஞ்சுவலி வந்ததால் நிறுத்தினார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட குறைந்தபட்சம் எவ்வளவு தெரியுமா? ஒரு மைல். மாரத்தான் என்பது 26 மைலுக்கு மேல்.

இதைப் படித்த பிறகு வாட்சில் அந்த எண்ணிக்கையை அணைத்துவிட்டு, மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரை அடுக்களைக் கதவில் மாட்டினேன். என்னுடைய ஒரு மைல், பால் பூத் வரைக்கும் போய் வருவது, பதினைந்து நிமிடம். போனால் சிவப்பு மையில் ஒரு டிக். போகாவிட்டால் கட்டத்துக்குள் காரணத்தை எழுத வேண்டும், 'மழை', 'கல்யாணம்', 'ஜிஎஸ்டி கடைசி நாள்' என்று. நிலுவையை மறுநாள் சேர்த்து நடப்பது கிடையாது, அடுத்தடுத்து இரண்டு கட்டம் மட்டும் காலியாகக் கூடாது. பதினொரு மாதம் ஆகிறது. மொத்தம் எத்தனை டிக் என்று எண்ணவில்லை, தொழில் புத்தி அரிக்கத்தான் செய்கிறது.

நேற்றுக் கட்டம் காலி. முதலில் 'மழை' என்று எழுதினேன், தூறல்தான், என் மனைவி அதை அடித்து 'சோம்பல்' என்று திருத்தியிருக்கிறாள். ஆகவே இன்று விட முடியாது, இங்கிருந்து நேராகப் பால் பூத்துக்குத்தான் போகிறேன். வணக்கம்.